ஆறரை மணி நேரத்துக்கு ஐஸ்

எங்கள் கடலோர ஊர் பே புல்ஸில் இப்போது என்னை யாரும் சிரில் என்று கூப்பிடுவதில்லை. ஆறரை என்கிறார்கள். "ஆறரை வர்றான், மணி கேட்டுக்கோ" என்று படகுத்துறையில் நண்டுக் கூடை கழுவுகிறவன்கூடச் சொல்கிறான். பெயரை வைத்தது அவர்கள்தான். ஆனால் கதையைப் போய் அவர்களிடம் ஒப்பித்தது நான். இந்த விஷயத்தில் நான் செய்த உருப்படியான காரியங்கள் இரண்டே இரண்டு. அதில் இது ஒன்று என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றது கடைசியில் வரும், அதுவும் தாமதமாகத்தான்.

செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். விமானம் கிளம்புவதற்கு முன் எந்த வழி, எவ்வளவு எரிபொருள், காற்று எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு, கையெழுத்திட்டு விமானியிடம் கொடுக்கிற வேலை. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். லாப்ரடார் பக்கம் போய்வரும் சின்ன விமானங்கள். போகும், உருளைக்கிழங்கு மூட்டையையும் பள்ளி ஆசிரியர்களையும் இறக்கும், திரும்பிவிடும். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஆகாயம் என்றால் அது என் இலாகா. யார் எங்கே கிளம்பினாலும் "சிரிலைக் கேளு" என்பார்கள். அவர்கள் கேட்கும்வரை நானும் காத்திருப்பதில்லை.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு, எங்கள் வீட்டில் சாப்பாடு. உப்பு மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், துணிப்பையில் வேகவைத்த பட்டாணி. எதிரே என் மனைவி பெர்னடெட்டின் அண்ணன் ஆம்ப்ரோஸ். நண்டுப் படகு வைத்திருப்பவர். கடலில் நாற்பது வருடம், ஆகாயத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. அவருடைய ஒரே மகள் லொரெட்டாவுக்கு இருபதாம் தேதி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கல்யாணம். வைட்ஹார்ஸில். நாட்டின் இந்த ஓரத்தில் நாங்கள், அந்த ஓரத்தில் அவள்.

அவள் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடம் முடித்துப் பட்டம் வாங்கியபோது அப்பா கடலில். நர்ஸ் படிப்பு முடித்து மேடை ஏறியபோதும் கடலில். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று அவர் கரையிலிருந்து எழுபது மைல் தள்ளி, கடலில் இறக்கிய நண்டுக் கூடைகளை இழுத்துக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்த மாதமே அவள் வரைபடத்தில் காகிதம் முடிகிற இடமாகப் பார்த்து வேலை தேடிக்கொண்டாள். ஆறு வருடமாக கிறிஸ்துமஸ் அட்டை மட்டும்தான். இந்த மார்ச் மாதம் திடீரென்று போன் செய்து, "அப்பா, கல்யாணத்தன்னைக்கு நீ வந்து என் கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போய் விடுவியா?" என்று கேட்டிருக்கிறாள். அதை அவர் படகுத்துறையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். கடல்காகங்களுக்குக்கூடத் தெரியும்.

"நான் பெர்னடெட்டோடயே ஒரு வாரம் முன்னாடி கிளம்பிர்றேன்," என்றார் ஆம்ப்ரோஸ். "இந்த சீசனுக்குப் பிடிக்க விட்ட நண்டு அளவுல இன்னும் ஒரு ட்ரிப் மிச்சம் கெடக்கு. போனாப் போவுது. அது எவ்வளவு தூரமோ என்ன எழவோ."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பட்டாணியைச் சாப்பிட்டிருக்கலாம். எழுந்து போய் அலமாரி மேல் இருந்த பூகோள உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆம்ப்ரோஸின் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் வலைநூலை வாங்கி, ஒரு நுனியை செயின்ட் ஜான்ஸிலும் மறு நுனியை வைட்ஹார்ஸிலும் வைத்து இழுத்துப் பிடித்தேன்.

"பாத்தீங்களா மச்சான், நேரா மேற்கதான் போகணும்னு நினைப்பீங்க. கிடையாது. உருண்டையில இதுதான் குறுக்குவழி. வடக்க ஏறி, ஹட்ஸன் வளைகுடாவைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கணும்." தாளில் கணக்கும் போட்டுக் காட்டினேன். "ஐயாயிரத்து நூத்தி எழுபத்தாறு கிலோமீட்டர். ஆறரை மணி நேரம்."

"ஆறரைதானா?"

"அதுல சூரியன் வேற உங்க பக்கம். அவங்க கடிகாரம் நம்மளவிட நாலரை மணி பின்னாடி ஓடுது. காலைல ஆறு மணிக்கு இங்க ஏறினா, இறங்கும்போது அங்க எட்டு மணி. இன்னொரு வாட்டி காலைச் சாப்பாடு சாப்பிடலாம்."

"அடப்பாவி," என்றார் ஆம்ப்ரோஸ் பக்தியோடு. "அப்ப அந்த ஒரு ட்ரிப்பையும் அடிச்சிட்டு வந்துரலாமா மாப்ள?"

"தாராளமா. வெள்ளிக்கிழமை கரைக்கு வாங்க, நண்டு வாடை போகக் குளிங்க, சனிக்கிழமை காலைல ரெண்டு பேரும் போவோம். டிக்கெட் என் பொறுப்பு."

அவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஆறரை என்று எழுதிக்கொண்டார்.

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கணக்கில் தப்பே கிடையாது. தூரம் சரி, வேகம் சரி, கடிகார வித்தியாசம் சரி. அந்த வழியில் பறக்கிற விமானம்தான் இல்லை. நிஜத்தில் டொராண்டோ போய், அங்கிருந்து வான்கூவர் போய், அங்கிருந்து வைட்ஹார்ஸ் போக வேண்டும். மூன்று விமானம், நடுவே இரண்டு காத்திருப்பு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், சக்கரம் தரையை விட்டதிலிருந்து சக்கரம் தரையைத் தொடுவது வரைதான் என் மூளை எண்ணும். அதற்கு முன்னாலும் பின்னாலும் மனிதர்கள் வரிசையில் நிற்பதும் பெஞ்சில் சாய்ந்து தூங்குவதும் என் அறைக்கு வெளியே நடக்கிற விஷயம். அந்த அறைக்குத்தான் ஜன்னல் இல்லையே.

ஆம்ப்ரோஸ் பதினான்காம் தேதி கடலுக்குப் போனார். மறுநாள் பெர்னடெட் வைட்ஹார்ஸுக்குக் கிளம்பினாள். டிக்கெட்டை லொரெட்டாவே அங்கிருந்து எடுத்து அனுப்பியிருந்தாள். வீட்டிலேயே ஒரு விமானக்காரன் இருக்கும்போது டிக்கெட்டை எதற்குப் படிப்பது என்று பெர்னடெட் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"சிரில், என் காலைப் பாக்கணும் நீ. ரெண்டும் முட்டைக்கோஸ் மாதிரி வீங்கிக் கெடக்கு."

"என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? பதினஞ்சே முக்கா மணி நேரம் ஆச்சு. ஆறரைன்னு சொன்னவன் யாரு? டொராண்டோல எறங்கினதும் வைட்ஹார்ஸ் வந்துருச்சுன்னு ஒரு டாக்ஸிக்காரன்கிட்ட லொரெட்டா வீட்டு விலாசத்தக் காட்டினேன். அவன் சிரிக்கக்கூட இல்ல, பாவம்னு பாத்தான்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சனிக்கிழமை காலைல கிளம்பினா அண்ணன் இங்க வர்றதுக்கு சாயங்காலம் ஆயிரும்," என்றாள். "கல்யாணம் பண்ணி வைக்கிற அதிகாரிக்கு நாலு மணிக்கு வேற ஊர்ல இன்னொரு கல்யாணம். அந்தாளு நிக்க மாட்டான். படகுக்கு போன் போட்டு உடனே திரும்பச் சொல்லு. இல்ல, அதுக்குள்ள சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த நிமிடமே சொல்லிவிடப் போகிறோம், ஒரு நிமிட வித்தியாசத்துக்கு எதற்கு ஒரு சண்டை என்று நினைத்திருக்கலாம். படகில் சாட்டிலைட் போன் உண்டு. கூப்பிட்டேன். ஆம்ப்ரோஸே எடுத்தார். பின்னால் இயந்திரச் சத்தம், நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

"ஏய், நம்ம மாப்ள பேசுறான்டா," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "என்ன மாப்ள, அதே ஆறரைதானா, இல்ல அதுலயும் ஏதாச்சும் கொறச்சிருக்கியா? இவனுங்க நம்ப மாட்டேங்கிறானுங்க. மேல்தட்டுல செவுத்துலயே எழுதி வெச்சிருக்கேன். உருண்டையில நூல் புடிச்சான் பாருங்கடான்னு மூணு நாளா வகுப்பு எடுத்துட்டிருக்கேன்."

"அதேதான் மச்சான்," என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதற்கு ஒரு முட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு டொராண்டோவுக்கு ஒரு விமானம் இருந்தது. அதில் ஏறினால் இரவு வான்கூவரில் தங்கி, சனிக்கிழமை காலை பத்தரைக்கு வைட்ஹார்ஸில் இறங்கலாம்.

"எப்ப வர்றீங்க கரைக்கு?"

"வெள்ளி மதியம் வந்துருவோம்."

போதும். மதியம் வந்தால் அப்படியே அழைத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஆறரை பற்றி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போகிற வழியில் ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். 'ஐந்து மணி விமானத்தைப் பிடித்தே ஆக வேண்டும்' என்ற ஒரு வரியை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.

வெள்ளி மாலை ஐந்து மணி விமானம் என் தலைக்கு மேல்தான் போனது. நான் பே புல்ஸ் படகுத்துறையில் இரண்டு டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெர்னடெட் நான்கு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எட்டு மணிக்குப் படகு வந்தது.

ஆம்ப்ரோஸ் முகம் நிறையச் சிரிப்போடு குதித்து இறங்கினார். "நேரம்தான் இருக்கேன்னு கடைசி வரிசைக் கூடையையும் தூக்கிட்டோம் மாப்ள. லொரெட்டாவுக்குன்னு நல்லதா பொறுக்கி வெச்சிருக்கேன். ஆறரை மணி நேரத்துக்கு எவ்வளவு ஐஸ் வேணும்னு சொல்லு."

சொன்னேன். ஐஸைப் பற்றி அல்ல. அவர் கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினார். முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை.

"நீ ஆறரைன்னியே."

"பறக்கிற நேரம் ஆறரைதான் மச்சான். அது வந்து, நேரா பறந்தா."

"பறக்காம வேற எப்படிடா போறோம்?"

அவர் படகின் மறுபக்கம் போய் மகளுக்கு போன் செய்தார். அலைச் சத்தத்தில் கொஞ்சம்தான் கேட்டது. "கொஞ்சம் லேட்டாவும்மா... இல்ல, நீங்க ஆரம்பிச்சிருங்க... ஆமா, இப்பதான் வந்தோம்." பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். அவள் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. நண்டுப் பெட்டியை மட்டும் அவர் விடவில்லை. இருந்த ஐஸைக் கொட்டி, நாடா சுற்றி ஒட்டி, மேலே லொரெட்டா என்று எழுதினார்.

டிக்கெட்டைச் சனிக்கிழமை காலை ஆறு மணி விமானத்துக்கு மாற்றினேன். விமான நிலையத்துக்கு வந்தபோது ஆம்ப்ரோஸ் கோட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் போட்டிருந்தார். அவருடைய மனைவியின் அடக்கத்துக்கு வாங்கிய அதே கறுப்புக் கோட்டு.

"எதுக்கு மச்சான் இப்பவே?"

"வேற எப்ப போட?" என்றார்.

முதல் விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மூன்று மணி நேரம் மேகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை, "இவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லவே இல்லையே நீ," என்றார். முப்பத்தொரு வருடத்தில் நான் அதை யாரிடமும் சொன்னதில்லைதான். டொராண்டோவில் இரண்டு மணி பத்து நிமிடம் காத்திருந்தோம். வான்கூவரில் இறங்கியபோது அங்கே மதியம் பன்னிரண்டு. வைட்ஹார்ஸிலும் அதே பன்னிரண்டுதான். எங்கள் விமானம் இரண்டே முக்காலுக்குத்தான்.

"நீ என்ன பண்ணுவ மாப்ள, கணக்கு சரியாத்தான போட்ட," என்றார், எனக்கு ஒரு காப்பி வாங்கிவந்து கொடுத்து. என்னைத் திட்டியிருந்தால் அந்தக் காப்பியைக் குடித்திருப்பேன். கையிலேயே வைத்திருந்து ஆறவிட்டேன். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

சுவரில் இருந்த கடிகாரத்தை நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணிக்கு ஆம்ப்ரோஸ் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். வலது முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, யாரோ அதில் கை கோத்திருப்பதைப்போல வைத்துக்கொண்டு, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து கண்ணாடிச் சுவர்வரை போனார். நீட்டியிருந்த காலை ஒரு பெண்மணி மடக்கி வழி விட்டாள். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். முப்பத்திநாலு அடி. எண்ணினேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

திரும்பி வந்து உட்கார்ந்து, "கடலுக்குப் போனவன் கால், ரொம்ப நேரம் உக்கார விடாது," என்றார்.

வைட்ஹார்ஸில் இறங்கியபோது மாலை ஐந்து பத்து. பதினைந்து மணி நாற்பது நிமிடம். அந்த விமான நிலையத்து வாசலில் ஒரு பழைய விமானத்தைக் கம்பத்தின் மேல் செருகி வைத்திருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக் காட்டும், எங்கும் போகாது. அதை எனக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருக்கவில்லை, அது நான்தான்.

பெட்டி வருகிற இடத்தில் பெர்னடெட்டும் லொரெட்டாவும் நின்றார்கள். லொரெட்டா கல்யாண உடை மேலேயே மாப்பிள்ளையின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவை அணைத்துக்கொண்டாள், வாசலில் வரும் அண்டை வீட்டுக்காரரை அணைப்பது மாதிரி.

"சீசன் எப்படிப்பா?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. கடைசி வரிசைக் கூடையைத் தூக்காம வர மனசு வரல."

"தெரியும்," என்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. பழகிப்போன ஒன்றைத் திரும்ப அதன் இடத்தில் எடுத்து வைக்கிற முகம். "தனியாவே நடந்து போயிட்டேன். ஒண்ணும் கஷ்டமா இல்ல."

அப்போது சுழல்பட்டையில் நண்டுப் பெட்டி வந்தது. அது வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிப் பட்டை முழுக்கக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் பெட்டிகளை அவசரமாகத் தூக்கினார்கள்.

"எப்பவும் நண்டுதான் முதல்ல," என்று லொரெட்டா மெதுவாகச் சொன்னாள். பெர்னடெட்டுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எத்தன தடவ சொல்றது? சிரில் செவ்வாக்கிழமையே போன் போட்டுச் சொன்னான்ல, பதினஞ்சு பதினாறு மணி நேரம் ஆகும், உடனே திரும்புன்னு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கூடைங்களை விட்டுட்டு வரக்கூடாதா?"

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார்.

அவ்வளவு நேரமும் அவர் மனதில் நான் கணக்கில் கெட்டிக்காரன், உலகத்தில் கொஞ்சம் அசடு. அந்த ஒரு பார்வையில் செவ்வாய்க்கிழமை போன் பேச்சு முழுவதும் அவருக்குள் திரும்ப ஓடியதை நான் பார்த்தேன். அதேதான் மச்சான் என்று நான் சொன்ன இடத்தில் அது நின்றது. பிறகு அவர் தங்கையிடம் திரும்பி, "ஆமா, சொன்னான்," என்றார். "நாந்தான் கேக்கல."

அப்படியே விட்டிருக்கலாம். விடுவதற்கு நான் தயாராகவும் இருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். ஒரு முழு மூச்சு இழுத்து விடுகிற நேரம் நான் அந்தப் பொய்க்குள் சொகுசாக நின்றேன். பெட்டி சுற்றிப் போய் இன்னொரு தடவை வந்தது. லொரெட்டா என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மையெல்லாம் கரைந்திருந்தது.

"சொல்லல," என்றேன்.

"என்னது?" என்றாள் பெர்னடெட்.

"நான் அவருக்குச் சொல்லவே இல்ல. செவ்வாக்கிழமை போன் போட்டேன். இன்னும் ஆறரைதானான்னு கேட்டார். ஆமான்னேன். பசங்கெல்லாம் சிரிச்சிட்டிருந்தாங்க. எனக்கு..." லொரெட்டா பக்கம் திரும்பினேன். "அவர் ஒரு வாரம் முன்னாடியே வர்றதாத்தான் இருந்தார், லொரெட்டா. அந்த ட்ரிப்பை விட்டுட்டு. நான்தான் நூலைப் புடிச்சுக் காட்டி, போயிட்டு வாங்கன்னேன். அப்புறமும் திருப்பிக் கூப்பிடல."

பெர்னடெட் என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை. அது எங்கள் வீட்டில் இன்னும் பாதி உபயோகத்தில் இருக்கிறது. ஆனால் லொரெட்டா என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒரு வாரம் முன்னாடியா?" என்று அப்பாவிடம் கேட்டாள். "ட்ரிப்பை விட்டுட்டா?"

"அது கெடக்கும்மா. அதான் வரலையே."

"வர்றதா இருந்தியா இல்லையா, அதச் சொல்லு."

"அஞ்சாம் தேதியே துணியெல்லாம் பெட்டில அடுக்கிட்டேன்," என்றார். "இவன் சொன்னதும் மறுபடி எடுத்து வெச்சேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று கொஞ்ச நேரம் எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. பிறகு கம்பளிக் கோட்டைக் கழற்றி பெர்னடெட்டிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் வலது பக்கம் வந்து நின்றாள்.

"கையைக் குடு."

"இங்கயா?"

"வேற எங்க? வாசல் வரைக்கும் நட."

ஆம்ப்ரோஸ் முழங்கையை மடக்கினார். வான்கூவரில் மடக்கிய அதே அளவு. இந்தத் தடவை அதில் ஒரு கை இருந்தது. டாக்ஸிக்குக் காத்திருந்தவர்கள், சாமான் வண்டி தள்ளியவர்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். யாரோ தொப்பியைக்கூட எடுத்தார்கள். பெர்னடெட் பின்னால் போனாள். அவளுக்கும் பின்னால், மூக்கைப் பிடிக்கக் கை இல்லாமல், நண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான். பெட்டித் தண்ணீர் சட்டையிலும் காலணியிலும் இறங்கிக்கொண்டிருந்தது. அடியெண்ணவில்லை.

ஆம்ப்ரோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இலையுதிர்காலம் வரை அவர் என்னோடு பேசவும் இல்லை. எனக்காகப் பழி ஏற்ற மனிதர், ஏற்க வேண்டாம் என்றானதும் தன் கோபத்தை எடுத்துக்கொண்டார். அது அவருக்குச் சேர வேண்டியது.

வாசலுக்குப் போனதும் லொரெட்டா மட்டும் திரும்பினாள். கண் இன்னும் ஈரம்தான், உதட்டோரத்தில் குறும்பு.

"மாமா, இங்கேருந்து விருந்து மண்டபத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

தலைக்கு மேல் கம்பத்து விமானம் மெதுவாகத் திரும்பி வேறொரு பக்கம் காட்டியது.

"தெரியாதும்மா," என்றேன். "யாரையாவது கேக்கலாம்."